டெட் ஸ்டாக்: 212

பென்னி சாக்கோவுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது.
எனக்கு மலையாளம் கேட்டால் புரியும்,
படிக்கத் தெரியாது.
அதனால் புனலூருக்கும் செங்கோட்டைக்கும் நடுவே
எங்கள் கணக்கையெல்லாம்
ஆங்கிலம்தான் சுமந்துகொண்டு திரிந்தது,
கமிஷன் வாங்காத தரகனைப்போல.

இல்லை, வாங்கிக்கொண்டுதான் இருந்தது.
நூறு ரூபாயில் நாற்பதை
டிஸ்கவுண்ட் என்று அது சொன்னபோது
எனக்கு வலிக்கவே இல்லை.

தவசிமுத்துவின் நாவல்.
ஐந்நூறு பிரதி அடித்தேன்.
இருநூற்று நாற்பது மலையேறிப் போனது.
பதினோரு மாதம் கழித்துப் போன் வந்தது:
"சேச்சி, ரிட்டன்ஸ் எடுத்தோளூ.
ஷெல்ஃபில் ஸ்தலமில்ல."

சஜீவன் வேனில் ஏற்றினான்.
ஆரியங்காவு தாண்டும்போது மழை.
புலியரைச் சாவடியில் கை காட்டினார்கள், இரவு எட்டரை.
ஒரு கால் குட்டையான மேசை,
அதன் பின்னால் இசக்கிதுரை என்று பெயர்ப்பட்டை.

"என்னம்மா லோடு?"
"ரிட்டன்ஸ், சார்."
"எங்க போயிட்டு ரிட்டன்?"
பட்டியலை நீட்டினேன்.
விரல் வைத்து, எழுத்துக்கூட்டி, உரக்க வாசித்தார்:
ஸ்பைன் கிராக், ஏழு.
ப்ளீட், மூன்று.
ஜாக்கெட் மிஸ்ஸிங், பதினொன்று.
டெட்...
அதற்குமேல் வாசிக்கவில்லை.
டார்ச்சை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

வேனின் பின்கதவுவரை
அவரோடு நடந்த அந்தப் பத்தடியில்தான்
என் தொழிலின் பாஷையை
முதன்முதலாக வெளியே நின்று கேட்டேன்.
முதுகெலும்பு முறிந்தது என்போம், டீ குடித்துக்கொண்டே.
மை கசிந்தால் ரத்தம் என்போம்.
பத்தியின் கடைசி வரி
தனியே அடுத்த பக்கம் போனால் விதவை.
முதல் வரி தனியே அடியில் நின்றுபோனால் அநாதை.
"ரெண்டு விதவை இருக்குக்கா, கொன்னுரட்டுமா?"
நள்ளிரவில் ரூபஸ் வாட்ஸப்பில் கேட்பான், பக்கம் கட்டுகிறவன்.
நானும் கட்டைவிரலை உயர்த்தி அனுப்பியிருக்கிறேன்.

"புத்தகம்தாங்கிறதுக்கு ப்ரூஃப் இருக்கா?"
எங்களிடத்தில் ப்ரூஃப் என்றால்
இன்னும் தப்பு மிச்சமிருக்கிறது என்று அர்த்தம், சார்.
அதைச் சொல்லவில்லை. கட்டைப் பிரித்தேன்.
வெளிச்சம் ஒரே அட்டையின்மேல்
திரும்பத் திரும்ப ஊர்ந்தது.

"எல்லாம் ஒரே புக்கா?"
"ஆமா."
"விக்கலையா?"

பதினோரு மாதமாக
நான் தேடாமலிருந்த தமிழ்.

"இனி என்ன பண்ணுவீய?"
"பல்ப் பண்ணணும். கூழாக்கிருவாங்க."
"கூழா!" சிரித்தார்.
"கூழுக்கும் ஆசை, மீசைக்கும்..."
முடிக்காமல் விட்டார்.
மீசை அவருக்கு இருந்தது. ஆசை எனக்கு.

முதுகு முறிந்த ஏழில் ஒன்றை உருவினார்.
கொண்டுபோய் மேசையின் குட்டைக் காலுக்கு அடியில் செருகி
இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தார்.
ஆடவில்லை.
"ஆங்."

இருநூற்றுப் பன்னிரண்டை அடித்துவிட்டு
பதினொன்று என்று எழுதினேன்.
ஓரத்தில்: காம்ப்ளிமென்டரி காப்பி, ஒன்று.
விமர்சகர்களுக்கும் கலெக்டருக்கும்
தருவதைப் போடுகிற இடம் அது.
தவசிமுத்துவிடம் சொல்லவில்லை.
ராயல்டி கணக்கில் அதற்குக் கட்டம் கிடையாது.

மூன்று வாரம் கழித்து மறுபடி அதே வழி.
சாரல். அதே மேசை, அதே இசக்கிதுரை.
கையெழுத்துப் போட அவர் குனிந்ததும்
மேசை ஆடியது.

குனிந்து செருப்பைச் சரிசெய்வதுபோலப் பார்த்தேன்.
குட்டைக் காலுக்கு அடியில் ஒன்றுமில்லை,
ஒரு ஓட்டுச்சில்லுகூட.

நான் கேட்கவில்லை.
அவர் கையெழுத்து கோணிக்கொண்டு போயிற்று.
"போங்க" என்றார்.